சேர்ந்து வறுமைப்படுதல்

துவக்குச் சூட்டு கேம் விளையாடுகிறவர்கள் எதற்காகச் சண்டை பிடிப்பார்கள் என்று வெளியில் நின்று பார்க்கிறவரிடம் கேட்டால், குறி தப்பினதற்காக என்றுதான் சொல்லுவார். எங்களுக்குத் தெரிந்த கதை வேற. குறி தப்பினால் யாரும் பெரிதாகக் கோபிக்கிறதில்லை, எல்லாருக்கும் தப்பும். ஒரு ரீம் உடைகிற அளவுக்குச் சண்டை வருவது காசு விஷயத்தில்தான். அதுவும் இல்லாத காசு. திரையின் ஓரத்தில் ஒரு எண்ணாகத் தெரிந்து, ஆட்டம் முடிந்ததும் ஆவியாகிப் போகிற காசு.

நாங்கள் ஐந்து பேராகச் சேர்ந்து விளையாடுவது கவுண்டர் ஸ்ட்ரைக்கும் வலொரண்டும். மூத்தது கவுண்டர் ஸ்ட்ரைக். 1999இல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 'ஹாஃப் லைஃப்' என்ற இன்னொரு கேமை மாற்றியமைத்து வெளியிட்டார்கள். பிறகு வால்வ் நிறுவனம் அதை எடுத்து 2000இல் கடைகளுக்குக் கொண்டுவந்தது. அண்ணாமார் நெட் கஃபேயில் மணித்தியாலக் கணக்குக்குக் காசு குடுத்து விளையாடின 1.6 அதன் ஒரு பதிப்பு. நாங்கள் இப்போது விளையாடுகிற கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வந்தது 2023இல். ரயட் கேம்ஸ் நிறுவனத்தின் வலொரண்ட் 2020இல் வந்தது. அதில் மந்திர சக்தி மாதிரி ஆளுக்கொரு திறமை இருக்கும். ஆனால் காசு ஓடுகிற விதத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம்.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. இது தெரிந்தால்தான் மிச்சக் கதை விளங்கும்.

ஐந்து பேர், எதிரில் ஐந்து பேர். ஒரு பக்கம் குண்டு வைக்க வேண்டும், மற்றப் பக்கம் தடுக்க வேண்டும். ஒரு ரவுண்ட் இரண்டு நிமிடம் அளவில் முடிந்துவிடும். முதலில் 13 ரவுண்ட் வெல்கிற பக்கத்துக்கு ஆட்டம். 12 ரவுண்ட் முடிந்ததும் பக்கம் மாறும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னால் கடை திறக்கும். துவக்கு, கவசம், புகைக்குண்டு எல்லாம் அவரவர் காசில் வாங்க வேண்டும். செத்தால் வாங்கினது போச்சு. உயிரோடு தப்பினால் அடுத்த ரவுண்டுக்கு அது கையில் இருக்கும்.

கவுண்டர் ஸ்ட்ரைக்கில் தொடங்கும்போது எல்லாரிடமும் 800 டொலர். சும்மா கிடைக்கிற பிஸ்டலோடு 650க்கு ஒரு கவசம் வாங்கலாம், மிச்சம் 150. ஒரு ஏகே-47 2700. தலைக்கவசத்தோடு கவசம் 1000. ஒரு ஸ்மோக் 300, ஒரு ஃப்ளாஷ் 200. ஒழுங்காக ஒரு ரவுண்ட் விளையாட ஒருவருக்கு நாலாயிரத்துக்கு மேல் வேண்டும். எதிரிகளை முடித்து வென்றால் ஆளுக்கு 3250, குண்டு வெடித்தோ குண்டை செயலிழக்கச் செய்தோ வென்றால் 3500. தோற்றாலும் காசு வரும். முதல் ரவுண்டில் தோற்றால் 1900. தொடர்ந்து தோற்கத் தோற்க அது 2400, 2900, 3400 என்று ஏறும்.

இப்போது முதல் ரவுண்டில் தோற்றுவிட்டோம் என்று வைப்போம். மிச்சம் 150, தோல்விக் காசு 1900, மொத்தம் ஆளுக்கு 2050. எதிரிகள் வென்ற காசில் நல்ல துவக்கோடு வரப்போகிறார்கள். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, ஒன்றும் வாங்காமல் பிஸ்டலோடு போய்ச் சாகிறது. தோற்றால் 2400 வரும், கையில் 4450. மூன்றாவது ரவுண்டில் ஐந்து பேரும் ஏகே, முழுக் கவசம், ஒரு ஸ்மோக், இரண்டு ஃப்ளாஷ் வாங்கலாம். 50 டொலர் மிச்சமும் வரும். இதற்குத்தான் ஈக்கோ ரவுண்ட் என்று பெயர்.

மற்றது, இருக்கிற 2050க்கும் ஏதாவது வாங்கி அடிச்சுப் பார்க்கிறது. 1800க்கு கலில், 200க்கு ஃப்ளாஷ். இது ஃபோர்ஸ் பை. வென்றால் ராசா. தோற்றால் மூன்றாவது ரவுண்டில் கையில் 2450தான். ஏகேயும் கவசமும் சேர்த்து 3700. ஆக, மூன்றாவது ரவுண்டும் அரைகுறை.

இரண்டு வழியிலும் நியாயம் இருக்கிறது. நியாயமே இல்லாத வழி மூன்றாவது: மூன்று பேர் சேமிக்கிறார்கள், இரண்டு பேர் செலவழிக்கிறார்கள். இப்படிச் செய்தால் இரண்டாவது ரவுண்டில் இரண்டு துவக்கு ஐந்து துவக்கோடு மோதித் தோற்கும். மூன்றாவது ரவுண்டில் மூன்று பேரிடம் 4450 இருக்கும், இரண்டு பேரிடம் 2450. 4450 வைத்திருக்கிறவர் தனக்கும் வாங்கி மற்றவருக்கும் ஒரு ஏகே வாங்கிக் குடுக்கவும் காணாது. சேமித்தவர்களின் பொறுமையும் வீண், செலவழித்தவர்களின் துணிச்சலும் வீண்.

இந்த எளிய கணக்கில்தான் நாங்கள் சொல்ல வருகிற விஷயம் இருக்கிறது. இந்த கேம்களில் காசு தனித்தனி. ஆளாளுக்கு ஒரு பை. ஆனால் வறுமை தனித்தனி இல்லை. நாலு பேர் பொறுத்திருக்க ஒருவர் செலவழித்தால், ஐந்து பேரும் பொறுக்காத மாதிரித்தான். சுடப் பழகுவது லேசு என்று சொல்லவில்லை. ஆனால் அதை ஒரு ஆள் தனியாக அறைக்குள் இருந்து பழகலாம். சேர்ந்து வறுமைப்படுவதை அப்படித் தனியாகப் பழக ஏலாது.

ஈக்கோ ரவுண்டில் என்ன நடக்கும் என்று விளையாடினவர்களுக்குத் தெரியும். கையில் பிஸ்டல், எதிரில் ஏகே. இரண்டு நிமிடம் அடி வாங்குகிறதுக்கென்றே போக வேண்டும். யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லுவார்: "மச்சான், இந்தமுறை அடிச்சுப் பாப்பமே, எனக்கு இண்டைக்குக் கை நல்லா இருக்கு." அந்த வசனத்தைக் கேட்காத ரீம் இருக்காது. அவரின் கை உண்மையிலேயே நல்லாக இருக்கலாம். அதனால்தான் மறுக்கக் கஷ்டம். பேராசைக்காரருக்கு இல்லை என்று சொல்வது லேசு. ஆசையாய் நிற்கிறவருக்குச் சொல்வதுதான் பாடு.

எங்கட ரீமில் அதைச் சொல்கிற பொறுப்பு ஐ.ஜி.எல்.லுக்கு, அதாவது உள்ளே இருந்து வழிநடத்துகிறவளுக்கு. அவள்தான் ஐந்து பேரின் காசையும் பார்த்து, எதிரிகளிடம் என்ன இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டு, சில செக்கனில் ஒரு சொல் சொல்ல வேண்டும்: "சேவ்", "ஃபோர்ஸ்", "ஃபுல்." வலொரண்டில் வாங்குவதற்கு 30 செக்கன் கிடைக்கும். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் அதுவும் இல்லை. விவாதம் நடத்த நேரம் காணாது. எனவே அவள் சொல்கிறதை அந்த ரவுண்டில் கேட்கிறோம். வாதம் எல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு.

சேமிப்பு எப்போதும் புண்ணியம் என்றும் நினைக்கக் கூடாது. 12ஆவது ரவுண்டில் சேமித்து வைத்த காசுக்கு ஒரு பெறுமதியும் இல்லை. பக்கம் மாறியதும் எல்லாரும் திரும்ப 800இல் இருந்துதான். எதிரிகள் 12 வென்று நிற்கும்போது நாளைக்கு என்று ஒன்று இல்லை, இருக்கிறதைக் கொட்ட வேண்டியதுதான். எதிரிகள் வென்றும் மூன்று பேரை இழந்து, தட்டுத்தடுமாறி வென்றிருந்தால் அவர்களிடமும் காசு குறைவு. அப்போது அடித்துப் பார்க்கலாம். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தாலும் எப்படியாவது குண்டை வைத்துவிட்டுச் சாகச் சொல்லுவார்கள். வைத்துவிட்டால், தோற்ற காசுக்கு மேலாக ஆளுக்கு இன்னும் கொஞ்சம் கிடைக்கும். தோல்வியிலும் நாளைக்கு ஏதாவது எடுத்து வைக்கலாம் என்பது இங்கே வெறும் ஆறுதல் இல்லை, கையில் வருகிற காசு.

அடுத்த சண்டை, யாருக்கு யார் வாங்கிக் குடுப்பது என்பது.

ஒரே ரீமுக்குள்ளேயே பணக்காரரும் ஏழையும் உருவாகிறதற்குக் காரணம் இருக்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஒருவரை ரைஃபிளால் சுட்டால் 300. சின்ன எஸ்.எம்.ஜி. துவக்குகளில் பெரும்பாலானவற்றால் சுட்டால் 600. கத்தியால் குத்தினால் 1500. 4750 பெறுமதியான ஏ.டபிள்யூ.பி. ஸ்னைப்பரால் சுட்டால் வெறும் 100. பலமான ஆயுதம் எடுத்தவருக்குக் கூலி குறைவு, மோசமான ஆயுதத்தோடு துணிந்தவருக்குக் கூலி கூட. இதை யோசித்தவர்கள் நியாயமாகத்தான் யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த நியாயம் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. எல்லா ரீமிலும் ஒருவர் முதல் உள்ளே போவார். கதவுக்கு அங்கால் யார் நிற்கிறார் என்று தன் உயிரைக் குடுத்துப் பார்க்கிறது அவர் வேலை. அவர் விழ, பின்னால் வருகிறவர் சுட்டவனைச் சுடுவார். 300 டொலர் பின்னால் வந்தவருக்கு. முன்னால் போனவரின் துவக்கும் போச்சு, கவசமும் போச்சு, எறிந்த ஃப்ளாஷுக்கு ஒரு சதமும் இல்லை. இப்படி ஆறு ரவுண்ட் போனால் வென்றுகொண்டிருக்கிற ரீமிலேயே அவர் மட்டும் ஓட்டாண்டி. பின்னால் காவல் நின்று தப்பி வருகிறவரிடம் எட்டாயிரம், ஒன்பதாயிரம் கிடக்கும். ஸ்கோர் பலகையைப் பார்க்கிறவர்கள் முன்னால் போனவரைத்தான் "இவன் என்னத்துக்கு ரீமில?" என்று கேட்பார்கள்.

கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஒரு துவக்கை வாங்கி நிலத்தில் போட்டால் மற்றவர் எடுக்கலாம். வலொரண்டில் தேவையானவர் கேட்டு ஒரு பொத்தானை அமத்துவார், காசு உள்ளவர் வாங்கிக் குடுப்பார். வசதி நல்லதுதான், ஆனால் இரண்டிலும் கேட்க வேண்டி இருக்கிறது. முன்பின் தெரியாதவர்களோடு விளையாடும்போது கவனித்துப் பாருங்கள். பொத்தானை அமத்திப்போட்டு ஒருவர் நிற்பார், நாலு பேரும் காணாத மாதிரி நிற்பார்கள், நேரம் முடியும், அவர் பிஸ்டலோடு போவார். அதற்குப் பிறகு அந்த ஆள் மைக்கில் ஒரு சொல்லும் கதைக்க மாட்டார். அவர் சுடப் பழகாதவர் என்றில்லை, மனம் விட்டுப் போச்சு.

கேட்கிறதிலே எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கட வீடுகளில் 'துவக்கு' என்பது சும்மா ஒரு சொல் இல்லை. இரவு பதினொரு மணிக்கு அறைக்குள் இருந்து "டேய், எனக்கொரு துவக்குத் தாடா" என்று கத்தினால், அடுத்த அறையில் படுத்திருக்கிற அம்மாவுக்கு அது எங்கேயோ போய்த் தைக்கும். ஒருவரின் அம்மா வந்து கேமை நிப்பாட்டச் சொல்லவில்லை. "அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதை" என்றார். அன்றைக்கு முதல் நாங்கள் "ஒண்டு போடு" என்றுதான் கேட்போம். பிறகு அதையும் கேட்கத் தேவையில்லாமல் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். கடை திறந்ததும் யாரிடம் காசு கூட இருக்கிறதோ அவர் தனக்கு வாங்க முதல் மற்ற நாலு பேரின் காசையும் பார்க்க வேண்டும். குறைந்தவருக்கு முதலில் போட்டுவிட்டுத்தான் தனக்கு. கேட்கிறவர் என்று ஒருவர் இருக்கக் கூடாது.

சின்ன விஷயம் மாதிரித்தான் தெரியும். ஆனால் முதல் உள்ளே போகிற எங்கட ஆளின் ஆட்டமே மாறிவிட்டது. முந்தி கடைசித் துவக்கைக் காப்பாற்றுகிறவர் மாதிரித் தயங்கித் தயங்கிப் போவார். இப்போது விழுந்தாலும் அடுத்த ரவுண்டில் காலடியில் ஒன்று கிடக்கும் என்று தெரியும். பயம் போனதற்குக் காரணம் பயிற்சி இல்லை, அந்த நிச்சயம்தான்.

அம்மாமார் பிடிக்கிற சீட்டும் இப்படித்தான் ஓடுகிறது. பத்துப் பேர் மாதம் பத்தாயிரம் கட்டுவார்கள், ஒருவர் ஒரு இலட்சத்தை எடுப்பார். முதல் மாதம் எடுத்தவர் பத்தாவது மாதம் வரைக்கும் கட்டுவார் என்ற நம்பிக்கைதான் முழு முதலும். கையெழுத்து, பத்திரம் ஒன்றும் இல்லை. ஸ்னைப்பர் பிடிக்கிறவருக்கு ரீமே சேர்ந்து 4750 தேற்றிக் குடுப்பதும் ஒரு சீட்டுத்தான். அவர் எடுத்திருப்பது எல்லாரின் காசும். ரவுண்ட் தொடங்கிப் பத்தாவது செக்கனில் தனியாகப் போய் விலாசம் காட்டிச் செத்தால், நிலத்தில் கிடக்கிற அந்த ஸ்னைப்பரை எதிரி எடுத்து எங்களுக்கே திருப்புவான்.

சீட்டு எடுத்தவர் ஓடித் தப்ப வேண்டிய நேரமும் வரும். பார்க்கிறவர்களுக்கு விளங்காத விஷயம் இதுதான்.

கொழும்பில் நடந்த ஒரு சின்னப் போட்டிக்குப் போயிருந்தோம். ஒரே மண்டபம், பின்னால் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள். 9க்கு 10 என்று நாங்கள் பின்னால். நாங்கள் தடுக்கிற பக்கம். குண்டு வைத்தாயிற்று, எங்களில் நாலு பேர் விழுந்தாயிற்று, எதிரிகள் நாலு பேர் உயிரோடு. ஸ்னைப்பரோடு எங்கட ஆள் மட்டும் மிச்சம். அவர் குண்டுப் பக்கம் போகவில்லை. திரும்பி, வரைபடத்தின் மற்ற மூலைக்கு ஓடி ஒளிந்தார். பின்னால் இருந்து சிரிப்பு. "ஓடுறான் பார், பயந்தாங்கொள்ளி" என்று ஒரு குரல். குண்டு வெடித்தது. 9க்கு 11.

அடுத்த ரவுண்டில் அவர் ஒன்றும் வாங்கத் தேவையில்லை, ஸ்னைப்பர் கையில். அவரின் காசில் 2900க்கு ஒரு எம்4ஏ1-எஸ் வாங்கி முதல் போகிறவருக்குப் போட்டார். அந்த ரவுண்டை வென்றோம், அதற்கடுத்ததையும் வென்றோம், 11க்கு 11. பிறகு இரண்டும் தோற்று 11க்கு 13 என்று வீட்டுக்கு வந்தோம். வெளியில் வரும்போதும் யாரோ அந்த ஓட்டத்தைச் சொல்லிச் சிரித்தார்கள்.

நாங்கள் அன்றைக்கும் சொன்னோம், இன்றைக்கும் சொல்லுகிறோம்: அவர் ஓடினது சரி. தோற்றதால் அது பிழையாகிவிடாது. நாலு பேருக்கு எதிராகத் தனியாகப் போயிருந்தால் ஆயிரத்தில் ஒரு தரம் கைதட்டு வாங்கியிருப்பார். மிச்சத் தரமெல்லாம் எங்கட 4750ஐயும் எதிரியிடம் குடுத்திருப்பார். வீரமாய்த் தெரிகிற வழியை விட்டு, ரீமுக்குப் பயனான வழியைச் சனம் பார்த்துச் சிரிக்கச் சிரிக்க எடுக்கிறதுக்கு வேற ஒரு துணிவு வேண்டும். அவரைச் சுற்றி நின்று நாங்கள் நாலு பேரும் செய்த ஒரே வேலை, ஏன் போகவில்லை என்று கேட்காமல் இருந்தது.

ஓடித் தப்புவதற்கும் விலை இருக்கிறது. குண்டு வைக்க வேண்டிய பக்கத்தில் இருந்துகொண்டு, வைக்காமல் நேரம் முடியும்வரை ஒளிந்து தப்பினால், கவுண்டர் ஸ்ட்ரைக்கில் அவருக்குத் தோல்விக் காசே இல்லை. வலொரண்டில் அப்படித் தப்பினவருக்கு 1000தான். துவக்கைக் காப்பாற்றலாம், ஆனால் சும்மா இல்லை. ஒவ்வொரு தரமும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

தோற்கிறவருக்குக் காசு கூட்டிக் குடுக்கிற அந்த ஏணியைப் பற்றி நாங்கள் கனக்க யோசித்திருக்கிறோம். ஏன் குடுக்கிறார்கள்? இரக்கத்தில் இல்லை. அது இல்லாவிட்டால் முதல் ரவுண்டை வென்றவர் துவக்கு வாங்குவார், துவக்கோடு இரண்டாவதை வெல்லுவார், அந்தக் காசில் மூன்றாவதை. ஆட்டம் முதல் இரண்டு நிமிடத்திலேயே முடிந்துவிடும், மிச்சம் வெறும் சடங்கு. தோற்றவர் திரும்ப எழும்ப வழி இருந்தால்தான் வென்றவரின் வெற்றிக்கும் மதிப்பு. வலொரண்டில் ஒரு ரவுண்ட் வென்றாலே அந்த ஏணி கீழே இறங்கிவிடும். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஒரு வெற்றிக்கு ஒரு படிதான் இறங்கும். ஒரு நல்ல நாள் வந்ததற்காக உதவியை ஒரேயடியாக வெட்டக் கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். மேல் பக்கமும் ஒரு கூரை இருக்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் 16,000க்கு மேல், வலொரண்டில் 9000க்கு மேல் ஒரு சதமும் சேராது. அதற்கு மேல் சேர்க்க நினைத்தால், பக்கத்தில் நிற்கிறவருக்கு வாங்கிக் குடுப்பதைத் தவிர அந்தக் காசால் ஒரு பிரயோசனமும் இல்லை.

எங்கட வயதுக்காரர்களுக்கு இந்தச் சொற்களெல்லாம் 2022இல் வேற அர்த்தம் எடுத்தன. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தி வைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. பிறகு பெற்றோலுக்குக் கிழமைக்கு இவ்வளவு என்று கியூ.ஆர். கோட் வந்தது. எங்கட டிஸ்கோர்ட் குழுவில் யாரோ எழுதினார்கள்: "நாடு ஈக்கோ ரவுண்டில நிக்குது." எல்லாரும் சிரித்தோம். பிறகு ஐ.ஜி.எல். ஒரு வரி எழுதினாள்: "ஈக்கோ எண்டால் அஞ்சு பேரும் வாங்கக் கூடாது. இஞ்ச எத்தினை பேர் வாங்கிக்கொண்டு நிக்கினம்?" அதற்கு யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் பொறுத்தார்கள். வரிசையில் நிற்கத் தேவையில்லாதவர்களும் அதே நாட்டில்தான் இருந்தார்கள். நாடு கேம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். அங்கே பாதி நேரம் முடிந்ததும் எல்லாருக்கும் 800 குடுத்துத் திரும்பத் தொடங்க விடமாட்டார்கள். ஆனால் பொறுமையைச் சிலரிடம் மட்டும் கேட்கிற சேமிப்பு எங்கே போய் முடியும் என்பதை, பதினெட்டு வயதில் நாங்கள் அந்த 4450, 2450 கணக்கில் பார்த்திருந்தோம்.

கேமுக்குள்ளேயும் எல்லாம் சமம் இல்லை. திரையில் 800 சமம். ஒருவரிடம் நல்ல மொனிட்டர், ஒருவரிடம் சூடேறி நிற்கிற பழைய லப்டொப், ஒருவருக்கு ரவுட்டரில் டேட்டா முடிந்தால் அன்றைய ஆட்டமும் முடிந்தது. நாங்கள் விளையாடுகிற சேர்வர் மும்பையில் அல்லது சிங்கப்பூரில். மழை பெய்தால் ஒருவரின் பிங் ஏறும். உண்மைக் காசுக்கு வாங்குகிற ஸ்கின் போட்ட துவக்கு பளபளக்கும். ஆனால் அது சுடுகிற சூடு சும்மா கிடைக்கிற துவக்கின் சூடுதான். பளபளப்பை வைத்து ஆளை மதிக்கிற ரீம்களையும் கண்டிருக்கிறோம். வெளியில் இருக்கிற ஏற்றத்தாழ்வை எங்களால் மாற்ற ஏலாது. அந்த 800இல் தொடங்குகிற பகுதியையாவது நேர்மையாக நடத்தலாம்.

புதிதாக ரீம் சேர்க்கிற தம்பி தங்கச்சிமாருக்கு எங்கட வழக்கங்களைச் சொல்லுகிறோம், பிடித்தால் எடுங்கள். வாங்குவதா இல்லையா என்று ஒருவர் மட்டும் சொல்லட்டும், அது பிழைத்தாலும் ஐந்து பேரும் சேர்ந்து பிழைக்கட்டும். உங்கட காசைப் பார்க்கிற நேரத்தில் எதிரியின் காசையும் எண்ணுங்கள்: எத்தனை ரவுண்ட் தொடர்ந்து தோற்றார்கள், எத்தனை துவக்கைக் காப்பாற்றினார்கள். வலொரண்டில் அடுத்த ரவுண்டில் ஆகக் குறைந்தது எவ்வளவு வரும் என்று கடையிலேயே எழுதியிருக்கும். அதைப் பாராமல் ஒன்றும் வாங்காதீர்கள். கேட்க முதல் குடுங்கள். காப்பாற்றி ஓடினவரைப் பகிடி பண்ணாதீர்கள். பாதியின் கடைசி ரவுண்டில் ஒரு சதமும் மிச்சம் வைக்காதீர்கள்.

இந்த வருடம் எங்களில் ஒருவர் படிக்க வெளிநாடு போய்விட்டார். முதல் உள்ளே போகிறவர் அவர்தான். நேர வித்தியாசத்தில் அவருக்கு விடிய, எங்களுக்கு இருட்டுகிறது. சேர்ந்து விளையாட வழியில்லை. ஐந்தாவது இடத்துக்கு ஆள் பார்க்கிறோம். கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் தங்கட ராங்கைச் சொல்லுகிறார்கள், பிறகு தாங்கள் சுட்ட வீடியோ அனுப்புகிறார்கள். எல்லாம் நல்லாகத்தான் இருக்கிறது. நாங்கள் ஒவ்வொருவரையும் ஓரிரண்டு ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறோம். எத்தனை பேரைச் சுடுகிறார் என்று ஐ.ஜி.எல். எண்ணுகிறதில்லை. முதல் ரவுண்ட் தோற்கிற வரைக்கும் காத்திருந்து, "சேவ்" என்று சொல்லிவிட்டு, கையில் 2050 இருக்கிற அந்த ஆள் என்ன செய்கிறார் என்று பார்க்கிறாள்.